பனி நிரபராதி

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். அருளப்பன் மாஸ்டர் காலமான செய்தி வந்தபோது நான் மகாராணியாக இருந்தேன்.

ஜொகூர் பாருவில் எங்கள் சபைக் கொட்டகையில் தீபாவளி நாடகத்துக்கு வேஷம் கட்டிப் பார்க்கும் நாள் அது. பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்காத ஊரில், தொந்தி விழுந்த சோடாக்கடைக்காரன் மகாராணியாவது பெரிய விஷயமில்லை. மீசையை எடுத்திருந்தேன். கன்னத்தில் சிவப்பு, கண்ணில் மை, தலையில் அட்டைக் கிரீடம். தந்திச் சேவகர் உள்ளே வந்து என் பெயரைச் சொல்லி, "அவரு எங்க?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சும்மா இரும்மா, அவசரத் தந்தி" என்றார்.

குளுவாங்கிலிருந்து மாஸ்டரின் மனைவி பிலோமினா அடிக்கச் சொன்ன தந்தி. கன்னத்துச் சிவப்பு தேங்காயெண்ணெய்க்குப் போய்விட்டது. கண் மை போகவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த மலாய் அம்மாள் என்னைப் பார்க்காதபடி தன் பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் நான் அழுதேன், மை கரைந்து ஓடியது. கருப்புக் கண்ணீர் விட்டு அழுதவன் அங்கே நான் ஒருவன்தான். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கக்கூடிய ஒரே மனிதர் பெட்டிக்குள் இருந்தார்.

சிரித்தது போதும். மாஸ்டரை அறிந்தவர்களே, நான் இதை எழுத உட்கார்ந்தது கோபத்தில். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியிலேயே எங்கள் சபைத் தலைவர் மாசிலாமணி ஆரம்பித்துவிட்டார். "தங்கமான மனுஷன். ஐஸ்ல குந்திக் குந்தியே உசுர விட்டுட்டாரு, பாவம்." பிறகு ஜொகூர் பாருவில் நடந்த அனுதாபக் கூட்டத்தில் அதையே உயர்ந்த தமிழில் சொன்னார்: "பனிக்கட்டிக்குப் பலியான பண்டிதர்." கூட்டம் உச்சுக் கொட்டியது. சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மாஸ்டரை ஐஸ் கம்பெனிக்கு அழைத்துப் போனவன் நான் என்பதால். மறுநாள் கடையில் முதல் வாடிக்கையாளர், "அண்ணே, ஒரு சோடா. ஐஸ் வேணாம் லா" என்றார். என் கோபத்தில் வியாபாரமும் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனாலும் பெரிய பங்கு மாஸ்டருடையது. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துக் கற்ற ஒரே விஷயத்தை அவர் சாவிலேயே தலைகீழாகப் பேசுகிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாஸ்டர் ஆங்கிலப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். மதராசில் பி.ஏ. முடித்துவிட்டுக் கப்பல் ஏறியவர். நம்மவர்கள் பி.ஏ.வோடு இங்கே வந்தால் வீடு வாங்குவார்கள், நிலம் வாங்குவார்கள். இவருக்கு எம்.ஏ. வாங்க ஆசை வந்தது. அதுவும் யுத்த சரித்திரத்தில். சீமையிலுள்ள ஒரு சர்வகலாசாலை, இருக்கும் ஊரிலிருந்தே ஆராய்ச்சி எழுதி அனுப்பலாம் என்று இடம் கொடுத்திருந்தது. எந்த யுத்தம்? பிரெஞ்சுச் சக்கரவர்த்தி பெரும்படையோடு ருஷ்யாவுக்குள் புகுந்து, மாஸ்கோ வரை போய், பிறகு பனியில் சிக்கிச் சின்னாபின்னமாகித் திரும்பினாரே, அதுதான். எல்லோரும் போன கதையை எழுதுவார்கள். மாஸ்டருக்குத் திரும்பி வந்த கதைதான் வேண்டும். "படை எடுத்துப் போனவன் பேரைச் சரித்திரம் எழுதி வெச்சிரும் ஐயா. எத்தன பேரு வீடு வந்து சேந்தான்னு கேட்டாத்தான் பேனாவ மூடிக்கும்" என்பார்.

இந்தக் கேள்வியை அவர் யுத்தத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒருமுறை சபையார் லாரி பிடித்துக் கோத்தா திங்கி அருவிக்கு உல்லாசப் பயணம் போனோம். திரும்பி வந்து தலைவர் வெற்றி முழக்கமாக நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் எழுந்து, "போனது எத்தன பேரு, வந்தது எத்தன பேரு?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைகிறது. தலைவரின் மைத்துனரை அருவியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மைத்துனர் மறுநாள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து தலைவருக்கு மாஸ்டர் ஆகாது. மைத்துனருக்கும் தலைவர் ஆகாது.

"பட்டாளத்துல சேராதவருக்கு எதுக்கு சார் பட்டாளப் படிப்பு?" என்று ஊர் கேட்டது. "பிரசவம் பாக்கற டாக்டரு புள்ள பெத்துட்டா வந்தாரு?" என்று மாஸ்டர் கேட்டார். ஊரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். சிரித்தது.

அந்தப் பின்வாங்கலில் நடந்தே வந்த சிப்பாய் ஒருவன் எழுதிய புத்தகம் மாஸ்டருக்குத் தேவைப்பட்டது. அது தோட்டத் துரைமார்களின் கிளப்பில் கண்ணாடி அலமாரியில் இருப்பதாகத் தெரிந்தது. எந்தக் கிளப் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அங்கே சோடா வியாபாரம் நடக்கிறது. மாஸ்டர் கோட்டு போட்டு, டை கட்டிக்கொண்டு முன்வாசலில் போய் நின்றார். வராந்தாவில் அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "அங்கத்தினர்கள் படிக்கும் புத்தகம், வெளியே தர முடியாது" என்று காரியதரிசி சொல்லி அனுப்பினார். அதே நேரத்தில் நான் பின்வாசல் வழியாகச் சோடாப் பெட்டியோடு உள்ளே போனேன். பி.ஏ. படித்தவருக்கு வராந்தா, மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு உள்கூடம் வரை வழி.

உள்ளே பார்த்தேன். அலமாரியில் அந்தப் புத்தகம் இல்லை. பில்லியர்ட்ஸ் அறையில் ஜன்னல் மூடிக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அங்கத்தினர்கள் படிக்கும் லட்சணம் அது. நான் என்ன செய்தேன் என்றால், ஒரு காலிச் சோடாப் புட்டியை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

"திருடிட்டா வந்தீங்க?" என்றார் மாஸ்டர்.

"பதில் ஆள் போட்டுட்டுத்தான் வந்தேன் மாஸ்டர். முறைப்படி ட்யூட்டி மாத்தல்."

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேண்டியதைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு, "எடுத்த எடத்துல வெச்சிருங்க ஐயா" என்று ஒரே பிடிவாதம். வாரங்கள் கழித்துக் கொண்டுபோனேன். என் புட்டி இன்னும் ஜன்னலைத் தாங்கிக்கொண்டு நின்றது. புத்தகம் போனதையும் ஒருவரும் பார்க்கவில்லை, புட்டி வந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. படிக்காத புத்தகத்தைப் படிக்கிறவரிடமிருந்து எத்தனை அக்கறையாகக் காக்கிறார்கள் பாருங்கள்! இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வரலாம் போலிருக்கிறது.

இனி ஐஸ் கம்பெனி. "குளிருன்னா என்னன்னே தெரியாம பனியப் பத்தி எப்படி எழுதறது ஐயா?" என்று ஒரு நாள் கேட்டார். நியாயந்தானே? ஜொகூரில் வருஷம் முழுவதும் வேர்வை. எனக்கு ஐஸ் போடும் கம்பெனியின் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயிடம் கேட்டேன். வாடிக்கையாளன் என்பதால் சம்மதித்தார். பாங்கு வாசலில் காவலிருக்கும் சிங்கிடம் ஒரு பழைய கம்பளிக் கோட்டை மாஸ்டர் விலைக்கு வாங்கினார். மரத்தூள் போர்த்திய ஐஸ் பாளங்களுக்கு நடுவில், அந்தக் கோட்டோடு, குடையைத் துப்பாக்கி போல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டுப் பொத்தானைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். விரல் கேட்கவில்லை.

"பொத்தானே போட முடியல ஐயா! இதுல துப்பாக்கிக்கு மருந்து எப்படிப் போடுவான்?" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

தவுக்கே நெற்றியைத் தட்டிக் காட்டி, "கிலா" என்றார். மலாயில் பைத்தியம் என்று பொருள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. "அலமாக், மாஸ்டரு ஒறஞ்சு போய்ட்டாரு லா!" என்று கத்தினார்கள். ஐஸ் மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். ஒன்று சொல்கிறேன், கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அத்தனை சனிக்கிழமையும் அவர் ஒரு தும்மல் தும்மவில்லை. தும்மியவன் நான்.

பிறகு ஒரு பிற்பகல். கடைக்குள் வந்து, பையைக் கீழே வைத்து, "ஐயா சோடா, கேஸ் தள்ளுபடி. பனி நிரபராதி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினார். "போறப்பவே செத்துட்டாங்க ஐயா. பனி விழறதுக்கு எத்தனையோ முன்னாலயே. நல்ல கோடை. புழுதி. குடிக்கக் குட்டத் தண்ணி. வயித்துப்போக்கு, காய்ச்சல். குதிரைங்க பச்சப் பயிரத் தின்னுட்டு வழியெல்லாம் வயிறு உப்பிக் கெடக்குது. மாஸ்கோ வாசலத் தொடறதுக்குள்ளயே பாதிக்கு மேல ஆளு காலி. பனி வந்தப்ப மிச்சம் இருந்தவனத்தான் அது தொட்டுச்சு."

"அப்ப எல்லாரும் பனி பனின்னு சொல்றாங்களே?"

"தோத்தவனுக்குப் பனிதான் வசதி. பனி மேல யாரும் கேஸ் போட முடியாது. வெயில்ல தண்ணி குடுக்காம நடக்க வெச்சவன் மேல போடலாம்."

"அப்ப நீங்க ஐஸ்ல உக்காந்தது?"

"சுத்த வீண்" என்றார். சொல்லிவிட்டு அப்படியொரு சிரிப்பு. "வீண்ன்னு யாராவது உக்காந்து பாத்தாத்தானே தெரியும்!"

அதன்பிறகு அவர் ஐஸ் கம்பெனிப் பக்கமே போகவில்லை. எழுத வேண்டியது ஒரே ஒரு அத்தியாயம் என்றார். வெயில் அத்தியாயம். அதை எழுதி அனுப்பிவிட்டால் எம்.ஏ.

அந்த நேரம் பார்த்துத்தான் மாற்றல் உத்தரவு வந்தது. குளுவாங்குக்கு. தண்டவாளத்தைச் சுற்றிப் புதிதாகக் காடு வெட்டித் தோட்டம் போடும் ஊர். வெட்டின காட்டில் தண்ணீர் தேங்கும், கொசு வரும், காய்ச்சல் வரும். யார் செய்த வேலை? பள்ளிக்கூட மேலதிகாரி. கிளப் வாசலில் ஒரு கருப்பு மனிதர் டை கட்டி நின்றதற்குத் தண்டனை. இது ஊர் முழுவதும் தெரிந்த விஷயம், தெரியப்படுத்தியவன் நான். "சண்ட போடுவோம் மாஸ்டர், மனு குடுப்போம்" என்று குதித்தேன். அவரோ புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "விடுங்க ஐயா, குளுவாங்கும் ஊருதான்" என்றார். எத்தனை பெருந்தன்மை!

அவர் விட்டாலும் நான் விடவில்லை. தலைவர் மாசிலாமணியின் ஜவுளிக்கடைக்குப் போனேன். அந்த மேலதிகாரியோடு தேநீர் குடிக்கிற ஒரே தமிழர் இவர்தான். துணி கிழித்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நீங்க ஒரு வார்த்த சொன்னா மாத்தல் நின்னு போயிரும்."

"யுத்தம் வெள்ளக்காரன் தொழிலு சோடா. நம்ம ஆளு எதுக்கு அதுல மூக்க நீட்டணும்? வாத்தியாரு வாத்தியாரு வேலையப் பாக்கட்டும்."

"எம்.ஏ. வாங்கினா சபைக்குத்தானே பெரும?"

"வாங்கட்டும்யா. வாங்கினதும் நானே மால போடறேன். மால போடறதுல நான் என்னிக்காவது பின்வாங்கி இருக்கனா?"

பின்வாங்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரிய மாலையாகத்தான் போட்டார். பெட்டியின் மேல்.

குளுவாங்குக்கு நான் பார்க்கப் போனபோதெல்லாம் மாஸ்டர் பள்ளி விட்டதும் ரயில் நிலைய வாசலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு நெஞ்சு எரியும். திரும்பிப் போகிற ரயிலை ஏக்கத்தோடு பார்க்கிறார் என்று நினைத்து, அந்த மேலதிகாரியின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் திட்டுவேன். ஒரு நாள் ரயிலிலிருந்து புதிய தோட்டத்துக்கு ஆட்கள் இறங்கினார்கள். கப்பலேறி வந்த சனங்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. கங்காணி முன்னால் நடக்க, உச்சி வெயில் இறங்காத அந்த நேரத்தில் செம்மண் சடக்குப் பாதையில் வரிசை நகர்ந்தது.

"வாலப் பாருங்க ஐயா" என்றார் மாஸ்டர் என் கையைப் பிடித்து. "கங்காணி தன் காலுக்கு நடக்கறான். வால் எப்படி நீளுது பாருங்க. வால்ல யாரு? புள்ளத்தாச்சி, கெழவன், கப்பல்லயே காய்ச்சல் கண்டவன். சக்கரவர்த்திக்கும் வால் தெரியல, இவனுக்கும் தெரியல." சொல்லிவிட்டுக் குடையோடு அவர்கள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தோட்டத்து வாசலில் கங்காணியை நிறுத்தி, "அங்க எறங்கினது எத்தன பேரு, இங்க வந்தது எத்தன பேரு?" என்றார்.

"சார் யாரு? லேபர் ஆபீஸா?"

"இல்ல. எம்.ஏ."

"அது எந்த டிபார்ட்மெண்டு சார்?"

மாஸ்டர் வந்த வழியே திரும்பி நடந்தார். வழியில் ஒரு மரத்தடியில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. யாரும் அவர்களைத் தேடி வரவில்லை. குடையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் தேடி மாஸ்டர் பக்கத்து மலாய்க் கிராமத்துக்குள், கம்பத்துக்குள், போனார். அடுத்த முறை நான் போனபோது நிலைய வாசலில் காய்ச்சி ஆறின தண்ணீர்ப் பானை ஒன்று வைத்திருந்தார், பாதி வழியில் இன்னொன்று. இரண்டாவது பானையை நிரப்ப அவரே நடந்து போவாராம். காட்டோரம், சாயங்காலம், கொசு.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. "கொய்னா மாத்தர தின்னு தின்னு காதுக்குள்ள ஐஸ் கம்பெனி ஓடுது ஐயா" என்று சிரித்தார். ஆகக் கடைசியாக அவர் என்னிடம் அடித்த ஜோக் அது. வெயில் அத்தியாயம் பாதியில் நிற்கிறது. பாதி அத்தியாயத்துக்கு எந்தச் சர்வகலாசாலையும் எம்.ஏ. கொடுக்காது.

இப்போது சொல்லுங்கள், அவரைக் கொன்றது ஐஸா? கிளப் வாசலில் நிற்க வைத்தவர்கள் கொன்றார்கள். காய்ச்சல் ஊருக்குத் தூக்கி அடித்த மேலதிகாரி கொன்றார். ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல் துணி கிழித்துக்கொண்டிருந்த தலைவர் கொன்றார். சனிக்கிழமை தோறும் கைகொட்டிச் சிரித்த நாம் கொன்றோம். இத்தனை பேரும் ஒரே குரலில் ஐஸ், ஐஸ் என்கிறோம். ஏன்? ஐஸ் மேல் யாரும் கேஸ் போட முடியாது. அவருடைய ஆராய்ச்சியை ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் அதை நிரூபித்துக் காட்டிவிட்டோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

கம்பளிக் கோட்டைப் பிலோமினா எனக்குக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். எனக்கும் பொத்தான் போட முடியவில்லை, குளிரால் அல்ல. ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதோடு அவருடைய கேள்வியையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி எந்தக் கூட்டத்தில் எவர் வெற்றி முழக்கம் செய்தாலும் இந்தச் சோடாக்காரன் எழுந்து, போனது எத்தனை பேர், வந்தது எத்தனை பேர் என்று கேட்பான். தலைவர் அவர்கள் தயாராக இருக்கட்டும்.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பிலோமினாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரிதாண்ணே. ஆனா அந்த மாத்தல் மட்டும் அவரே போயிக் கேட்டு வாங்கினது. வெயில்ல ஆளுங்க நடக்கறதப் பாக்கணுமாம். 'அங்க காய்ச்சல் ஜாஸ்தி, வேணாம்'ன்னு அந்த அதிகாரிதான் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தாரு."